கணிதத்தின் கதை – 17: இருபது நகரங்களும் தேனீயின் அறையும்

சென்ற அத்தியாயத்தில், கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களையும் எதையும் இருமுறை மிதியாமல் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப இயலுமா என்ற வினாவுக்கு, அது இயலாதென்று ஆய்லர் 1736-ஆம் ஆண்டில் விடை கண்ட வரலாற்றைப் பார்த்தோம். பாலத்தின் நீளமும் ஆற்றின் அகலமும் பொருட்டல்ல, எந்த இடம் எந்த இடத்தோடு இணைந்திருக்கிறது என்பதொன்றே பொருட்டு என்று கண்ட அப்பெரியார், ஒவ்வோர் இடத்திலும் வந்து கூடும் பாதைகள் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று எண்ணிப் பார்க்கும் அளவிலேயே அவ்வகை வினாக்கள் யாவும் தீர்ந்துவிடும் என்று காட்டினார். கோட்டுருவியல் என்று இன்று வழங்கும் சாஸ்திரம் அவ்வாறு பிறந்தது.

அதே வினாவைச் சற்றுத் திருப்பி, ஒவ்வொரு பாதையிலும் ஒரு முறை செல்லவேண்டும் என்பதற்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறை செல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரவுக் காவலுக்குப் புறப்பட்டவன் ஒரு தெருவையும் விட்டுவிடக் கூடாது. கலியாணத்துக்கு அழைக்கப் புறப்பட்டவரோ ஒரு வீட்டையும் விட்டுவிடக் கூடாது. எந்தத் தெருவில் அவர் கால் வைக்கவில்லை என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. காவலனுடைய வினாவை ஆய்லர் தீர்த்துவைத்தார். அழைப்பவருடைய வினா, பார்வைக்கு அதன் உடன்பிறப்பைப் போலத் தோன்றினாலும், அதற்குப் பின் இத்தனை தலைமுறை மேதைகள் முயன்றும், எல்லா இடத்துக்கும் பொருந்தும் எளிய சோதனை ஒன்று கிட்டாமலே இன்றும் நிற்கிறது.

அந்த இரண்டாவது வினாவின் வரலாற்றை இங்கே சொல்லப் புகுகிறோம். எல்லா முனைகளையும் ஒவ்வொரு முறை தொட்டுப் புறப்பட்ட முனைக்கே திரும்பும் பாதைக்கு 'ஹாமில்டன் சுற்று' என்று பெயர். ஒரு சுற்று உண்டென்று காட்டியவர்கள் பலர். ஆனால் சுற்று இல்லை என்று நிரூபித்தவர்களே இச்சாஸ்திரத்தை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்பது இவ்வரலாற்றில் நாம் காணப்போகும் உண்மை.

குதிரையின் பிரயாணம்

ஹாமில்டன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவ்வினா சதுரங்கப் பலகையின்மேல் தோன்றிவிட்டது. பலகையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முனையாகவும், குதிரை ஒரே தாவலில் சென்றடையக்கூடிய கட்டங்களை இணைக்கும் கோடுகளைப் பாதைகளாகவும் கொண்டால், எல்லாக் கட்டங்களிலும் குதிரை ஒவ்வொரு முறை காலூன்றிவர இயலுமா என்ற பழைய விளையாட்டு, நாம் மேலே சொன்ன வினாவாகவே ஆகிவிடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த ருத்ரடர் தம்முடைய காவியாலங்காரம் என்னும் அலங்கார நூலில் இப்பிரயாணத்தைச் சித்திரகவியின் ஒரு வகையாகவே வகுத்திருக்கிறார். நான்கு வரிசையும் எட்டுப் பத்தியும் கொண்ட அரைப்பலகையின் முப்பத்திரண்டு கட்டங்களில் ஒரு சுலோகத்தின் முப்பத்திரண்டு எழுத்துகளை நிரப்பி, வரிசையாகப் படித்தாலும் குதிரை தாவும் முறையில் படித்தாலும் அதே சுலோகம் வரும்படி அமைப்பது அவர் கண்ட உத்தி.

1268-ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் இதை இன்னும் ஒரு படி உயர்த்தினார். திருவரங்கத்து அரங்கநாதனுடைய திருவடிநிலைகளைப் போற்றி அவர் இயற்றிய பாதுகா சகஸ்ரத்தில், சித்திர பத்ததி என்னும் பகுதியில், வரிசையாகப் படிக்கும்போது ஒரு சுலோகமும், குதிரைத் தாவலில் படிக்கும்போது பொருள் நிரம்பிய வேறொரு சுலோகமும் கிடைக்கும்படி அவர் அமைத்திருப்பதைக் காண்கிறோம். பக்திக்காகப் பாடப்பட்ட ஒரு நூலில், முப்பத்திரண்டு முனைகளையும் ஒவ்வொரு முறையே தொடும் பாதையொன்று பிசகாமல் அடங்கியிருப்பது, கணித வரலாற்றை எழுதுவோர் மறவாமல் குறிக்கவேண்டிய செய்தியாகும்.

ஆயினும் அந்தக் குதிரை புறப்பட்ட கட்டத்துக்குத் திரும்புவதில்லை. ஓரிடத்தில் தொடங்கி வேறோரிடத்தில் முடிகிறது. அது கவியின் குறையன்று. நான்கே வரிசை கொண்ட பலகையில், அது எவ்வளவு நீளமானாலும், குதிரை எல்லாக் கட்டங்களையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்று இருக்கவே முடியாது என்பதைப் பிற்காலத்துக் கணிதர்கள் நிரூபித்திருக்கிறார்கள். முழுப் பலகையிலோ நிலைமை நேர்மாறானது. ஆய்லரே 1759-ஆம் ஆண்டுக்குரிய பெர்லின் அகாடமி வெளியீட்டில் அதற்கு முறையான வழிகளை வகுத்தார். அறுபத்துநான்கு கட்டங்களையும் சுற்றித் திரும்பும் வழிகள் பதின்மூன்று லட்சம் கோடிக்கும் மேற்பட்டவை என்று, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணிப்பொறிகள் எண்ணிச் சொல்லின. அரைப்பலகையில் ஒன்றுகூட இல்லை; முழுப் பலகையிலோ எண்ணி மாளாதவை. இந்த முரணிலேயே வினாவின் கடுமை புலப்படத் தொடங்குகிறது.

டப்ளின் வான சாஸ்திரியார்

சர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1805-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். டிரிம் என்னும் ஊரில் சமய குருவாக இருந்த சிற்றப்பாவிடம் வளர்ந்து, கிரேக்கம், லத்தீன், ஹீப்ரு ஆகியவற்றோடு பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் முதலிய கீழ்நாட்டு மொழிகளிலும் பால்ய வயதிலேயே பயிற்சி பெற்ற அவர், டிரினிடி கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, இருபத்திரண்டு வயது நிரம்புவதற்கு முன், 1827-ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் வான சாஸ்திரப் பேராசிரியராக நியமனம் பெற்று, டன்சிங்க் வானாய்வு நிலையத்தில் குடியேறினார். ஒளியியலிலும் இயக்கவியலிலும் அவர் செய்த சாதனைகள் தனி அத்தியாயத்துக்கு உரியவை. 1843-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, ராயல் கால்வாயின் கரையோரமாக மனைவியோடு நடந்து சென்றபொழுது, நான்கு உறுப்புகளைக் கொண்ட புதிய எண்முறை அவர் உள்ளத்தில் பளிச்சிட்டதையும், அதில் இரண்டு எண்களைப் பெருக்கும்போது எது முன், எது பின் என்பதைப் பொறுத்து விடை மாறும் புதுமையையும் முன்பே பார்த்திருக்கிறோம்.

வரிசை மாறினால் விளைவு மாறும் அத்தகைய கணிதத்தின் மேலுள்ள பற்றே அவரை 1856-ஆம் ஆண்டில் பன்னிரு முகத் திண்மத்தின்பால் செலுத்திற்று. பன்னிரண்டு ஐங்கோணங்களால் மூடப்பட்ட அத்திண்மத்துக்கு முனைகள் இருபது, விளிம்புகள் முப்பது; ஒவ்வொரு முனையிலும் மூன்று விளிம்புகள் கூடுகின்றன. விளிம்பின்மேல் நடந்து ஒரு முனையை அடையும் பிரயாணி வந்த வழியே திரும்பலாகாது என்று விதித்தால், அவனுக்கு எஞ்சியிருப்பவை வலப்புறம் திரும்புதல், இடப்புறம் திரும்புதல் ஆகிய இரண்டே. இவ்விரண்டையும் ஹாமில்டன் இரண்டு குறியீடுகளாகக் கொண்டு அவற்றுக்கு ஒரு பெருக்கல் வகுத்தார். ஐந்து முறை தொடர்ந்து வலம் திரும்பினால் ஒரு முகத்தைச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிடுவோமாதலால், வலத்தின் ஐந்தாம் படி ஒன்றுக்குச் சமம், இடத்துக்கும் அவ்வாறே. வலம் மூன்று, இடம் மூன்று, பிறகு வலம், இடம், வலம், இடம் என்று பத்துத் திருப்பங்களை எடுத்து, அதே பத்தை மறுபடியும் ஒருமுறை எடுத்தால், பிரயாணி இருபது முனைகளையும் ஒவ்வொரு முறை தொட்டுத் தொடங்கிய முனைக்கே திரும்பிவிடுவான் என்பது அக்குறியீடுகளிலிருந்து அவர் பெற்ற அழகிய முடிவு. ஐக்கோசியன் கணிதம் என்று அவர் இதற்குப் பெயரிட்டார்.

அக்கணிதத்தை விளையாட்டாகவும் ஆக்கலாமென்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1857-ஆம் ஆண்டில் டப்ளினில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டில் அவர் அதைக் காட்சிக்கு வைத்தார். சதுரங்கக் காய்களுக்குப் பேர்பெற்ற லண்டன் ஜாக்ஸ் கம்பெனியார் இருபத்தைந்து பவுனுக்கு அதன் உரிமையை வாங்கி, 1859-ஆம் ஆண்டில் கடைக்குக் கொண்டுவந்தனர். ஒரு வடிவத்தில், தட்டையான பலகையில் வரைந்த இருபது துளைகளில் எண்ணிட்ட முளைகளை வரிசையாகச் செருகவேண்டும். மற்றொரு வடிவம் கையில் பிடித்து விளையாடத்தக்க திண்மம். அதன் முனைகளில் முளைகள் இருக்கும். ஒரு நூலை முளைக்கு முளை சுற்றிக்கொண்டே சென்று, உலகத்தைச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு முனையும் ஒரு நகரம். பிரஸ்ஸல்ஸ், காண்டன், டில்லி என்று தொடங்கி, காசுமீரம், மாஸ்கோ, பாரிஸ், ரோமாபுரி, வியன்னா எனப் பரந்து, சான்சிபாரில் முடியும் இருபது பெயர்கள் ஆங்கில மெய்யெழுத்துகளின் வரிசையில் அம்முனைகளுக்குச் சூட்டப்பட்டிருந்தன.

விளையாட்டின் விதி நுட்பமானது. ஒருவர் அடுத்தடுத்த ஐந்து நகரங்களைத் தம் விருப்பப்படி குறித்துவிடுவார். மற்றவர் எஞ்சிய பதினைந்தையும் தொட்டுச் சுற்றை முடிக்கவேண்டும். எதிரி எந்த ஐந்தைக் குறித்தாலும் சுற்றை முடிக்க இயலும். அவர் செல்லும் திருப்பங்கள் வலமும் இடமுமாக மாறிமாறி அமைந்திருந்தால் நான்கு வழிகளும், வேறு எவ்வாறு அமைந்திருந்தாலும் இரண்டு வழிகளும் உண்டு. இவ்வளவு ஒழுங்கும் நயமும் பொருந்தியிருந்தும் அவ்விளையாட்டு கடையில் விலைபோகவில்லை. ஆனால் அது கணிதருடைய மனத்தில் இடம்பிடித்துக்கொண்டது. எல்லா முனைகளையும் தொட்டுத் திரும்பும் பாதைக்கு ஹாமில்டனுடைய பெயரே நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹாமில்டன் ஆராய்ந்தது ஒரே திண்மம். அதில் சுற்று உண்டு என்பதில் ஐயமே இல்லை. இருபது நகரங்களும் ஒன்றோடொன்று நேரே இணைந்திருக்குமானால், அவற்றைச் சுற்றிவரும் வழிகள் 608 கோடியை ஒரு கோடியால் பெருக்கிய தொகைக்கும் அதிகமாகும். பன்னிரு முகத் திண்மத்தின் முப்பது விளிம்புகளை மட்டும் அனுமதித்தால், அத்தொகை முழுவதும் சுருங்கி முப்பது சுற்றுகளே எஞ்சுகின்றன. அந்த முப்பதையும் பிடித்துக் காட்டும் கணிதத்தை அவர் படைத்தார். ஆனால், ஒரு திண்மத்தைக் கையில் கொடுத்து, இதில் சுற்று உண்டா இல்லையா என்று எப்படி அறிவது என்ற பொதுவினாவை அவர் எழுப்பவில்லை. அதை எழுப்பியவர் வேறொருவர்.

கிராஃப்ட் கிராமத்துப் பாதிரியார்

லங்காஷையரின் போல்டன் நகரத்தில் 1806-ஆம் ஆண்டில் பிறந்த தாமஸ் பெனிங்டன் கர்க்மனுடைய தகப்பனார் பருத்தி வியாபாரி. படிப்பில் மகன் எவ்வளவு சிறந்து விளங்கியும், பதினான்காம் வயதில் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தம் வியாபாரக் கணக்குகளைக் கவனிக்க வைத்துவிட்டார். ஒன்பது ஆண்டுகள் அந்த அலுவலில் கழிந்த பின், தந்தையின் விருப்பத்தை மீறி டப்ளின் டிரினிடி கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்ற கர்க்மன், பின்னர் கிராஃப்ட் என்னும் சிறு கிராமத்தின் தேவாலயத்தில் பாதிரியாராக அமர்ந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே காலங்கழித்தார். பல்கலைக்கழகப் பதவியோ, வானாய்வு நிலையமோ, அரசர் அளித்த பட்டமோ அவருக்கில்லை. ஏழு குழந்தைகளை வளர்த்துக்கொண்டும், சபையாருக்கு வேண்டிய காரியங்களை நடத்திக்கொண்டும், எஞ்சிய பொழுதில் அவர் உயர்ந்த கணிதம் செய்தார். பதினைந்து பள்ளிச் சிறுமிகள் மூவர் மூவராக ஏழு நாளும் உலாவச் செல்லும்போது, எந்த இருவரும் ஒரு முறைக்கு மேல் ஒரே வரிசையில் சேராதபடி அமைக்கவேண்டும் என்று 1850-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புதிர், இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1855-ஆம் ஆண்டில் அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் பன்முகத் திண்மங்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். அது மறு ஆண்டில் அச்சேறிற்று. ஏதேனும் ஒரு திண்மத்தின் எல்லா முனைகளையும் ஒவ்வொரு முறை தொட்டுத் திரும்பும் சுற்று எப்போதும் கிடைக்குமா என்ற வினா, எல்லாத் திண்மங்களுக்கும் பொதுவாக, முதன்முதலாக அங்கேதான் கேட்கப்படுகிறது. கேட்டதோடு அவர் நிற்கவில்லை. எப்போதும் கிடைக்காது என்றும் சொல்லி, அதற்கு ஓர் உதாரணமும் காட்டினார். அந்த உதாரணம் தேனீ கட்டும் அறையைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் பாதி.

அதன் அமைப்பை வாசகர்கள் மனத்தில் வரைந்துகொள்ளட்டும். வெட்டிய அடிப்பாகம் ஓர் அறுகோணம். அதன் ஆறு முனைகளிலிருந்து ஆறு செங்குத்து விளிம்புகள் எழுந்து, மேலே ஆறு முனைகளில் முடிகின்றன. அவ்வாறையும் சுற்றிலும் விளிம்புகள் இணைக்கின்றன. அவற்றுள் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று முனைகள் உச்சியிலுள்ள ஒரே முனையோடு சேர்ந்து மூன்று சாய்சதுரங்களாகக் கூடி அறையை மூடுகின்றன. ஆக முனைகள் பதின்மூன்று. முகங்கள் ஓர் அறுகோணமும் ஒன்பது நாற்கோணங்களும். எந்த முகத்தை எடுத்தாலும் பக்கங்கள் இரட்டைப்படையே.

இப்போது உச்சி முனைக்குக் கறுப்பு வண்ணம் தீட்டி, அதனோடு விளிம்பால் இணைந்த மூன்றுக்கும் வெள்ளை தீட்டி, வெள்ளையின் அண்டை முனை கறுப்பு, கறுப்பின் அண்டை முனை வெள்ளை என்று தீட்டிக்கொண்டே வந்தால், எல்லா முகங்களும் இரட்டைப்படைப் பக்கங்கள் உடையனவாதலின், எங்கும் முரண்பாடு நேராமல் பதின்மூன்று முனைகளும் வண்ணம் பெற்றுவிடும். அவற்றுள் கறுப்பு ஏழு, வெள்ளை ஆறு. விளிம்பு வழியாகச் செல்லும் பிரயாணி ஒவ்வோர் அடியிலும் வண்ணம் மாறியே தீரவேண்டும். ஆகையால் எல்லா முனைகளையும் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே அவன் திரும்பவேண்டுமானால், கறுப்பும் வெள்ளையும் தொகையில் சமமாக இருந்தாகவேண்டும். ஏழும் ஆறும் சமமல்ல. எனவே சுற்று இல்லை.

கர்க்மனுடைய பொதுக் கூற்று இதுதான்: முகங்களெல்லாம் இரட்டைப்படைப் பக்கங்கள் கொண்டிருக்க, முனைகளின் தொகை ஒற்றைப்படையாக இருக்குமானால், அத்திண்மத்தில் சுற்று கிடையாது. ஒரு வழியையும் முயன்று பார்க்காமல், எல்லா வழிகளையும் ஒருங்கே விலக்கிவிடும் இந்த நிரூபணம் எவ்வளவு சிறியது, எவ்வளவு உறுதியானது! சதுரங்கக் குதிரைக்கும் இதே நியாயம் செல்லும். தாவுந்தோறும் அது கட்டத்தின் வண்ணத்தை மாற்றுவதால், இருபத்தைந்து கட்டங்களுள்ள பலகையில் அது சுற்றித் திரும்பவே முடியாது. ஆயிரம் பேர் ஆயிரம் நாள் தேடியும் கிடைக்கவில்லை என்பது நிரூபணமாகாது. கிடைக்காமைக்குக் காரணம் இன்னது என்று சுட்டுவதே நிரூபணம். அந்த வேறுபாட்டை இத்துறையில் முதலில் உணர்த்தியவர் கிராஃப்ட் கிராமத்துப் பாதிரியாரே. ஹாமில்டனுடைய ஐக்கோசியன் கணிதத்துக்கு முன்னதாகவே அவர் கட்டுரை ராயல் சொசைட்டியை அடைந்துவிட்டது.

டெய்ட்டின் நம்பிக்கை

இனி, இவ்வினா மற்றொரு புகழ்பெற்ற வினாவோடு பின்னிக்கொண்ட கதைக்கு வருவோம். எந்தத் தேசப்படத்தையும், எல்லை பகிரும் நாடுகள் வேறு வேறு வண்ணம் பெறும்படி, நான்கே வண்ணங்களில் தீட்டிவிடலாமா என்ற வினாவை, லண்டனிலிருந்து டி மார்கன் 1852-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி ஹாமில்டனுக்கே எழுதிக் கேட்டிருந்தார். அதில் இப்போதைக்கு இறங்கும் உத்தேசமில்லை என்று ஹாமில்டன் பதில் எழுதிவிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்ட சுற்றுக்கும், அவர் தொட மறுத்த வண்ணங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டென்பது, 1865-ஆம் ஆண்டில் அவர் காலமான பின்னரே வெளிப்பட்டது.

அந்த உறவைக் கண்டவர் எடின்பரோவில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பீட்டர் கத்ரி டெய்ட். நாடுகளின் எல்லைகள் கூடும் ஒவ்வொரு முனையிலும் மூன்று எல்லைகளே சந்திக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, எல்லா முனைகளையும் தொட்டுத் திரும்பும் சுற்று ஒன்று அதில் இருப்பதாகக் கொள்வோம். அச்சுற்று படத்தை உள்பாகம், வெளிப்பாகம் என இரண்டாகப் பிரித்துவிடுகிறது. உள்பாகத்தினுள்ளே முனை ஒன்றும் மிஞ்சியிராததால், அங்குள்ள எல்லைக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கே செல்லும் வெறும் கோடுகளே. அவற்றால் பிரிந்த நாடுகளுக்கு இரண்டே வண்ணங்கள் மாறி மாறித் தீட்டப் போதும். வெளிப்பாகத்துக்கு வேறிரண்டு. நான்கு வண்ணங்களில் படம் முடிந்துவிட்டது!

முனைக்கு மூன்று விளிம்புகள் உடைய எல்லாப் பன்முகத் திண்மங்களிலும் ஹாமில்டன் சுற்று உண்டு என்பதை மட்டும் நிரூபித்துவிட்டால், நான்கு வண்ணப் பிரச்சினை அக்கணமே தீர்ந்துவிடும். அவ்வாறு எப்போதும் உண்டு என்றே டெய்ட் 1880-களில் உறுதியாக நம்பினார். முடிச்சுகளின் வகைகளைத் தொகுக்கும் பணியில் அவருக்குத் துணையாக அப்போது உழைத்தவர், முதுமையடைந்திருந்த அதே கர்க்மன் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. கர்க்மனுடைய தேனறை டெய்ட்டின் நம்பிக்கைக்குத் தடையாகவில்லை. ஏனெனில் அதன் முனைகளிற் சிலவற்றில் நான்கு விளிம்புகள் கூடுகின்றன.

அந்நம்பிக்கை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிரூபிக்கப்படாமலும் தகர்க்கப்படாமலும் இருந்தது. இடையில் 1898-ஆம் ஆண்டில், டென்மார்க் தேசத்துக் கணிதரான ஜூலியஸ் பீட்டர்சன், பத்து முனைகளும் பதினைந்து கோடுகளும் உடைய ஓர் உருவத்தை வெளியிட்டார். ஒவ்வொரு முனையிலும் மூன்றே கோடுகள். எங்கு நோக்கினாலும் ஒரே சீர். ஆயினும் அதில் சுற்று இல்லை. எந்த ஒரு முனையை நீக்கினாலும் எஞ்சிய ஒன்பதுக்கும் சுற்று வந்துவிடுகிறது; பத்துக்கும் சேர்த்தால்தான் வருவதில்லை! ஆனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் அவ்வுருவத்தைத் தாளில் வரைய முடியாதாகையால், அது திண்மமன்று. டெய்ட்டின் கூற்றை அது பாதிக்கவில்லை.

நாற்பத்தாறு முனைகள்

கேம்பிரிட்ஜில் ரசாயனம் படிக்கப் புகுந்து கணிதத்தில் மனம் தோய்ந்த வில்லியம் டட் என்னும் இளைஞர், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் ரகசிய லிபிகளைப் பிரிக்கும் பணியில் அமர்ந்தார். ஜெர்மானியச் சேனாதிபதிகள் பயன்படுத்திய லாரென்ஸ் இயந்திரத்தை ஒருமுறையும் கண்ணால் காணாமலே, அதன் சங்கேதச் செய்திகளை மட்டும் கொண்டு, அதன் உள்ளமைப்பு முழுவதையும் அவர் ஊகித்துக் கண்டார். யுத்தம் முடிந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய அவர், 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் டெய்ட்டின் நம்பிக்கையை முற்றிலும் தகர்த்தார்.

அவர் செய்த யுக்தி இது. பதினைந்து முனைகள் கொண்ட ஒரு துண்டை அவர் முதலில் அமைத்தார். அதிலிருந்து வெளியே செல்லும் கோடுகள் மூன்று. அத்துண்டின் எல்லா முனைகளையும் தொட்டுச் செல்லவேண்டுமானால், அம்மூன்றில் குறிப்பிட்ட ஒரு கோட்டைப் பிரயாணி பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பது அதன் விசேஷம். அத்தகைய துண்டுகள் மூன்றை எடுத்து, அந்தக் கட்டாயக் கோடுகள் மூன்றும் நடுவில் ஒரே முனையில் கூடும்படி பொருத்தினார். மூன்று துண்டுகளுக்கு நாற்பத்தைந்து, நடுவில் ஒன்று, ஆக நாற்பத்தாறு முனைகள். சுற்று ஒன்று இருக்குமானால், நடு முனையில் கூடும் மூன்று கோடுகளும் அதில் அடங்கவேண்டும். ஆனால் ஒரு முனைக்குள் ஒரு வழியே வந்து ஒரு வழியே செல்லும் பிரயாணி இரண்டு கோடுகளுக்கு மேல் பயன்படுத்துவது எங்ஙனம்? ஆகவே சுற்று இல்லை. மூன்றும் இரண்டும் சமமல்ல என்ற அளவில் முடியும் அந்த நியாயம், ஏழும் ஆறும் சமமல்ல என்ற கர்க்மனுடைய நியாயத்துக்கு நேர் வாரிசு.

தகர்ப்பதோடு டட் நிற்கவில்லை. எந்த மூன்று முனைகளை நீக்கினாலும் துண்டுபடாத அளவுக்கு உறுதியான பின்னல் உடைய திண்மமாயின், அதில் சுற்று நிச்சயம் உண்டு என்று 1956-ஆம் ஆண்டில் நிரூபித்தார். டெய்ட்டின் நம்பிக்கை எந்த எல்லைவரை மெய் என்பதை, அதைப் பொய்யாக்கிய கையே வரையறுத்துக் காட்டிற்று.

இன்றைய நிலை

பன்முகத் திண்மங்களை விட்டுப் பொதுவான கோட்டுருவங்களுக்கு வந்தால், 1952-ஆம் ஆண்டில் கேப்ரியல் டிராக் நிரூபித்த தேற்றமே முதற்படி. மூன்றுக்குக் குறையாத முனைகள் இருந்து, ஒவ்வொரு முனையும் மொத்தத் தொகையில் பாதிக்குக் குறையாத முனைகளோடு இணைந்திருக்குமானால், சுற்று உறுதி என்பது அதன் சாரம். 1960-ஆம் ஆண்டில் நார்வே தேசத்தவரான ஓய்ஸ்டைன் ஓரே அதை இன்னும் விரிவாக்கினார். ஆயினும் இவை யாவும் ஒரு திசையில் மட்டுமே செல்லும் விதிகள். டிராக்கின் விதிப்படி இருபது நகரங்களில் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பாதைகளாவது வேண்டும். ஹாமில்டனுடைய திண்மத்திலோ நகரத்துக்கு மூன்றே. அப்படியும் சுற்று இருக்கிறது. பாதைகள் மிகுந்தால் சுற்று உண்டென்று சொல்ல முடிகிறதேயன்றி, குறைந்தால் இல்லையென்று சொல்ல முடிவதில்லை.

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்ட் கார்ப் இந்நிலைக்கு ஆழமான ஒரு காரணம் காட்டினார். கடினமானவை என்று பலரும் கருதிய இருபத்தொரு பிரச்சினைகளை எடுத்து, அவற்றுள் எந்த ஒன்றுக்கு விரைவான வழி கிடைத்தாலும் மற்றவற்றுக்கும் கிடைத்துவிடும் என்று அவர் நிரூபித்தார். ஹாமில்டன் சுற்று அந்த இருபத்தொன்றில் அடக்கம். அன்று முதல் இவ்வினா தனித்து நிற்கவில்லை. இரண்டாவது வினாவுக்கு ஆய்லருடையதைப் போன்ற எளிய சோதனை ஒன்று எவரேனும் காண்பாராயின், அதனால் நூற்றுக்கணக்கான வேறு வினாக்களும் தீரும்.

இதிலுள்ள சூட்சுமத்தை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். ஒருவர் ஒரு சுற்றைக் கொண்டுவந்து காட்டினால், அது சரியா என்று பார்ப்பது பள்ளிச் சிறுவனாலும் ஆகும். முனைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனால் போதும். ஆனால் சுற்று இல்லை என்று சொல்பவர் எதைக் கொண்டுவந்து காட்டுவார்? தேனறைக்குக் கர்க்மன் ஒரு காரணம் காட்டினார். நாற்பத்தாறு முனைகளுக்கு டட் வேறொரு காரணம் காட்டினார். இப்படி ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான காரணம் ஒன்று இருந்தே தீருமா, அல்லது சில உருவங்களில் எல்லா வழிகளையும் தேடிக் களைத்தாலன்றி இல்லை என்று அறிய முடியாதா என்பது இன்னும் தீராத வினா. நம் காலத்துக் கணித சாஸ்திரத்தின் தலையாய புதிர்களுள் அது ஒன்று.

புகழைப் பங்கிடுவது வரலாற்றாசிரியனுடைய கடமைகளில் ஒன்றாதலால் முடிவாக இதைச் சொல்கிறோம். சுற்றுக்கு ஹாமில்டனுடைய பெயர் வழங்குவதில் தவறில்லை. இருபது நகரங்களின் வழியே அதற்கு உயிரூட்டியவர் அவர். ஆனால் வினாவைப் பொதுவாகக் கேட்டவரும், இல்லை என்பதற்கு நிரூபணம் வேண்டும் என்று காட்டியவரும் கர்க்மன். இச்சாஸ்திரம் அவர் வகுத்த வழியிலேயே இன்றுவரை நடந்து வந்திருக்கிறது. வாசகர்கள் ஒரு தாளில் தேனறையின் பதின்மூன்று முனைகளையும் வரைந்து, கறுப்பும் வெள்ளையும் தீட்டித் தாங்களே ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். டெய்ட்டின் வழி அடைபட்ட பின் நான்கு வண்ணப் பிரச்சினை 1976-ஆம் ஆண்டில் எவ்வாறு தீர்ந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.